பருவநிலைப் படிப்பும் பாசன வாய்க்காலும்

நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், மார்ச் மாதம் 22-ம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடியது. குடிநீர், வாய்க்கால் மராமத்து முதலிய விஷயங்கள் பேசி முடிந்த பின், அவ்வூர்க் குடியானவர் ஒருவரின் மகள் எழுந்து நின்றார். விவசாயத்தில் இளங்கலைப் பட்டம் பெற்று, வேளாண் வானிலையியல் என்னும் பாடத்தில் முதுகலைப் படிப்பு படித்துவரும் மாணவி அவர். பருவநிலை மாற்றம் நெற்பயிரை எவ்வாறு பாதிக்கிறது, அதற்கு நிலைத்த பரிகாரம் யாது என்று ஆராய்வதற்காகக் குறுவைப் போகத்தில் நான்கு வயல்களில் அளவெடுக்க அனுமதி வேண்டும் என்று கேட்டார்.

முன் வரிசையில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் உடனே சொன்னார்: "ஏனம்மா, மழையைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பட்டமா வாங்க வேண்டும்? பெய்தால் நனைகிறோம், பொய்த்தால் காய்கிறோம். நீ பட்டம் வாங்கினால் போன மேகம் திரும்பி வருமா?"

சபையோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாணவி மட்டும் நிதானமாக, "மேகம் வராது, தாத்தா. ஆனால் வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியவரும்" என்றார்.

பெரியவரின் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பட்டணத்திலே படிப்பதனால் கிராமத்திலே உழுபவனுக்கு என்ன பயன் என்பதே அதன் பொருள். அக்கேள்விக்கு நமக்கு எட்டிய விடையை இக்கட்டுரையில் கூற முற்படுகிறோம்.

வானிலையும் பருவநிலையும்

இன்று மழை பெய்யுமா, நாளை வெயில் காயுமா என்பது வானிலை. ஓர் இடத்தில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத காலத்து மழை, வெப்பம், காற்று ஆகியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் தெரியும் பொதுவான போக்கு பருவநிலை. ஆடியில் விதைக்க வேண்டும், ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்று நம் முன்னோர் கூறிவைத்தவை யாவும் பருவநிலையைப் பற்றிய அறிவேயாகும்.

இப்போது அப்போக்கே மாறி வருகிறது. நிலக்கரி, பெட்ரோலியம் முதலிய எரிபொருள்களை எரிப்பதாலும், காடுகளை அழிப்பதாலும் கரியமில வாயு காற்றில் பெருகுகிறது. இவ்வாயு பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் போர்வையைப் போலத் தடுத்து நிறுத்துகிறது. 1958-ம் ஆண்டில் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலைமீது சார்ல்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி இதனைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்குக்கும் மேல். இயந்திரத் தொழில் பரவுவதற்கு முன்னிருந்த அளவோ சுமார் 280 பங்குதான். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் 1850-1900-ம் ஆண்டுகளில் இருந்ததைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி மிகுந்திருந்தது.

ஒரு டிகிரிதானே என்று எண்ணலாகாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு சுமார் 7 பங்கு கூடுகிறது. ஆகவே மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஈரம் விரைவாக உறிஞ்சப்படுகிறது. மேகம் பொழியும்போது கொட்டித் தீர்க்கிறது. வெயில் நாட்களில் வறட்சி, மழை நாட்களில் வெள்ளம் என்ற இரண்டு துன்பங்களும் ஒரே காரணத்தால் விளைவது இவ்வாறுதான்.

சராசரி செய்யும் மோசம்

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுமைக்கும் சராசரியாகச் சுமார் 440 மில்லி மீட்டர் கொடுப்பது. 2015-ம் ஆண்டில் அது நூற்றுக்கு 53 பங்கு மிகுதியாகப் பெய்தது. சென்னையும் கடலூரும் பட்ட பாட்டை யாவரும் அறிவோம். அடுத்த ஆண்டாகிய 2016-ல் அதே மழை நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. டெல்டாவிலே சம்பாப் பயிர் கருகியது. இவ்விரண்டு ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி கண்டால் நூற்றுக்கு 95-க்கும் சற்று மேல் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் பெரிய குறை ஏதுமில்லை! முதலாண்டு மூழ்கியவனும் மறு ஆண்டு காய்ந்தவனும் அந்தச் சராசரிக்குள் இருக்குமிடம் தெரியாமல் மறைந்து போகிறார்கள்.

இந்த மோசத்துக்கு நாமே ஆளானதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வயல்களின் ஊடே செல்லும் சாலை ஒன்றில் சிறுபாலம் அமைத்தோம். வடிகால் குழாயின் அளவை முடிவு செய்தபோது, அப்பகுதியின் ஆண்டுச் சராசரி மழை எவ்வளவு என்று கேட்டோமேயன்றி, ஒரே நாளில் அதிகமாகப் பெய்தது எவ்வளவு என்று கேட்கவில்லை. ஐப்பசியில் ஓர் இரவு கொட்டிய மழையில் அக்குழாய் நீரை விழுங்க மாட்டாமல் சாலையே அணையாக மாறிற்று. மேற்புறத்து நடவு நான்கு நாட்கள் மூழ்கிக் கிடந்து அழுகியது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. எந்தக் கணக்கைக் கேட்க வேண்டும் என்பதை அறியாததே பிழை. பயிரை இழந்த குடும்பங்களின் எதிரில் நின்றபோது, மழையைப் பற்றிப் படிக்கப் பட்டம் வேண்டுமா என்று கேட்கும் துணிவு நமக்கு இருக்கவில்லை.

படிப்பில் என்ன கற்கிறார்கள்?

நம் மாநிலத்தில் விவசாயக் கல்வி நீண்ட வரலாறு உடையது. 1868-ல் சைதாப்பேட்டைப் பண்ணையில் தொடங்கி, 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாக வளர்ந்தது. அங்கே வேளாண் பருவநிலையை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வேளாண் வானிலையியலில் முதுகலைப் பட்டமும் அளிக்கப்படுகிறது. இளங்கலை நான்கு ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. முதுகலைக் காலத்தில் வகுப்புப் பாடங்களைக் கற்பதோடு, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து ஆய்வேடு எழுத வேண்டும்.

வகுப்பில் கற்பவற்றைப் பொதுவாக மூன்று வகையாகச் சொல்லலாம். முதலாவது, அளத்தல். மழைமானி, வெப்பமானி, காற்றின் வேகத்தை அளக்கும் கருவி, திறந்த தொட்டியிலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் நீரின் அளவைக் காட்டும் ஆவியாதல் மானி ஆகியவற்றைப் பிழையின்றிப் பயன்படுத்தப் பழகுகிறார்கள். இரண்டாவது, கணித்தல். நீண்டகாலப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, எந்த வாரத்தில் மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கிறது, ஒரே நாளில் 10 சென்டி மீட்டருக்கு மேல் பெய்வது எத்தனை முறை நேர்கிறது என்று காண்கிறார்கள். மூன்றாவது, பொருத்துதல். இன்ன மழைக்கு இன்ன இரகம், இன்ன நாளில் நடவு, இன்ன அளவு பாசனம் என்று பயிரோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

இத்தகைய படிப்பாளிகளின் உழைப்பு நமக்குத் தெரியாமலேயே நம்மை வந்து சேர்கிறது. வானிலைத் துறையும் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் விவசாயிகளுக்கு வழங்கும் வானிலை அறிவுரை அவற்றுள் ஒன்று. மூழ்கினாலும் சாகாத நெல் மற்றொன்று. ஒடிசா நாட்டுப்புற நெல் ஒன்றிலிருந்து கண்டெடுத்த மரபணுவை, டெல்டா விவசாயிகள் நன்கறிந்த சி.ஆர். 1009 இரகத்தில் சேர்த்து, சி.ஆர். 1009 சப்-1 என்ற இரகத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். இளம்பயிர் சுமார் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் வடிந்த பின் மீண்டும் தளிர்க்க வல்லது இது. நம் சிறுபாலத்தால் மூழ்கிய வயல்களில் அந்நெல் நடப்பட்டிருந்தால் அக்குடும்பங்களின் நிலை வேறாக இருந்திருக்கும்.

நெல்வயலும் மீதேன் வாயுவும்

மாணவி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, நெல்வயலில் நீரை எவ்வளவு நிறுத்துவது என்பதைப் பற்றியது. வயலில் ஓயாமல் நீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள், மட்கும் தழை, வேர் முதலியவற்றை மீதேன் என்ற வாயுவாக மாற்றுகின்றன. அவ்வாயுவின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக் குழல்களின் வழியே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீதேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. மனிதர் செயலால் உலகில் உண்டாகும் மீதேனில் நூற்றுக்கு சுமார் 8 முதல் 10 பங்கு நெல்வயல்களிலிருந்து வருகிறது.

இதைக் கேட்டதும் விவசாயிகளுக்குக் கோபம் வருவது இயல்பே. "ஊருக்குச் சோறு போடுகிறவனா உலகத்தைச் சூடாக்குகிறான்?" என்று அன்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பூமி சூடாவதற்கு முதற்காரணம் நிலக்கரியும் எண்ணெயுமே. இரண்டு ஏக்கர் குடியானவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. ஆயினும் மீதேனைக் குறைக்கும் அதே முறை தண்ணீரையும் மிச்சப்படுத்துமானால், அதனை உலகத்துக்காக மட்டுமன்றி நமக்காகவும் ஏற்கலாம் அல்லவா?

அம்முறை காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுப்பது. இதற்கு வேண்டியது ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. நீளம் 30 சென்டி மீட்டர்; சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்குமாறு வயலில் பதித்து, உள்ளே நிறைந்த சேற்றை அகற்றிவிட வேண்டும். மண்ணுக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்பது குழாய்க்குள் தெரியும். மேலே நீர் வற்றியதும் உடனே பாய்ச்ச வேண்டியதில்லை. மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டி மீட்டர் இறங்கிய பிறகு 5 சென்டி மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். வேர் அதுவரை ஈரத்தை எட்டிப் பிடித்துக்கொள்ளும். நடவு செய்த முதல் இரண்டு வாரங்களிலும், பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடலாகாது.

ஓர் ஏக்கரில் 1 சென்டி மீட்டர் நீர் நிற்பதென்றால் அது சுமார் 40,000 லிட்டர். 5 சென்டி மீட்டர் பாய்ச்சலுக்கு 2 லட்சம் லிட்டர். ஒரு போகத்தில் நான்கு பாய்ச்சல் குறைந்தால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர் மிச்சம். மண்ணுக்குக் காற்றுக் கிடைப்பதால் மீதேன் சுமார் பாதியாகக் குறைவதைப் பல நாட்டு ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால், மீதேனைவிடக் கொடியதான நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு உண்டாகும். ஆகவே உரத்தை அளவறிந்து, பிரித்துப் பிரித்து இட வேண்டும்.

குழாய் சொல்லாத செய்தி

மாணவிக்கு நான்கு விவசாயிகள் வயல் கொடுத்தார்கள். அவர் பயிரின்மீது பெட்டி போன்ற மூடியைக் கவிழ்த்து, குறித்த நிமிஷங்களுக்கு ஒருமுறை ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை இழுத்து, சோதனைக்குக் கொண்டு போனார். முதல் மாதம் எல்லாம் செவ்வனே நடந்தது. பிறகு ஒரு சோதனை வந்தது.

நான்கு வயல்களில் மூன்று வாய்க்காலின் தலைப்பில் இருந்தன. நான்காவது கடைமடையில் இருந்தது; அது கிராம சபையில் கேள்வி கேட்ட அதே பெரியவருடையது. "குழந்தை கேட்டுவிட்டாள், இல்லையென்று எப்படிச் சொல்வது?" என்று கொடுத்திருந்தார். குழாயில் மட்டம் 15 சென்டி மீட்டருக்கு இறங்கியது. பாய்ச்ச வேண்டிய நாள் வந்தது, தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் ஆகாயத் தாமரை மண்டிக் கிடந்தது. மேல்மடைக்காரர்களும் வழக்கம்போல் மடையைத் திறந்தே வைத்திருந்தார்கள். முறை மூன்று நாள் தள்ளிப் போயிற்று. வயல் வெடித்தது.

பெரியவர் மாணவியை ஏசவில்லை. "பார்த்தாயா அம்மா? நான் எப்போதும் வயல் நிறையத் தண்ணீரைக் கட்டி வைப்பது அறியாமையால் அல்ல. அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயத்தினால்தான்" என்றார்.

அச்சொல்லை மாணவி தம் ஆய்வேட்டில் எழுதிக்கொண்டதாகப் பின்னர் நம்மிடம் தெரிவித்தார். நாமும் அதனை மறக்கவில்லை. தண்ணீரைத் தேக்கி வைப்பவன் பேராசைக்காரனல்லன், நம்பிக்கை இழந்தவன். அந்நம்பிக்கையைக் குழாயினால் கொடுக்க முடியாது. அதைக் கொடுக்க வேண்டியது ஊர்.

மறுநாளே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வாய்க்கால் கரையில் கூடினர். ஊரார் இரண்டு நாள் உழைத்து ஆகாயத் தாமரையை அகற்றினர். எந்த மடைக்கு எந்த நாள் என்று முறை வகுத்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைத்தனர். நீர் பாய்ச்சுபவரிடம் அப்பட்டியல் ஒப்படைக்கப்பட்டது. தலைமடைக்காரர்களில் சிலர் முதலில் இணங்கவில்லை. தங்கள் வயற்குழாயிலேயே நீர் நிற்பதைக் கண்ணால் கண்டபின், மடையை அடைக்கச் சம்மதித்தனர். அப்போகம் முடியும்வரை கடைமடைக்கு முறை தவறவில்லை. வெடித்த வயலும் பிழைத்துக்கொண்டது. ஆயினும் மற்ற மூன்று வயல்களைவிட அதில் விளைச்சல் சற்றுக் குறைவே. அதை மறைத்துச் சொல்வது சரியன்று. ஒரு போகத்து அளவை வைத்துக்கொண்டு முடிவு கட்டலாகாது என்று மாணவியும் கிராம சபையில் தெளிவாகக் கூறினார்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இந்த அனுபவத்திலிருந்து நாம் அறிந்துகொண்டவற்றைச் சகோதர பஞ்சாயத்துகளின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, பதிவேட்டில் எழுதிவர வேண்டும். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதும் அவசியம். வெறுமனே விட்ட இடத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாடு ஆராய்ச்சியாளருக்கு மிகப் பெரிது. பள்ளி மாணவர்களிடமே இப்பணியை ஒப்படைக்கலாம்.

இரண்டாவதாக, சிறுபாலமோ, தடுப்பணையோ, பண்ணைக் குட்டையோ அமைக்கத் தீர்மானம் செய்யும்போது, ஆண்டுச் சராசரியோடு நின்றுவிடாமல், ஒரே நாளில் பெய்த பெருமழை எவ்வளவு என்றும் கேளுங்கள். வட்டார அலுவலகத்தில் உள்ள எங்களையும் அவ்வாறே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது எங்கள் கடமை.

மூன்றாவதாக, முறைத் தண்ணீர்ப் பட்டியலை எழுத்தில் வைத்து, போகம் தொடங்கும் முன்பே வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள். இது நடந்தாலன்றி எந்தப் புதிய பாசன முறையும் கடைமடைக்குப் போய்ச் சேராது.

நான்காவதாக, ஆராய்ச்சி மாணவர்கள் வந்தால் வயலும் விவரமும் கொடுத்து உதவுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை விதியுங்கள்: கண்டறிந்ததைக் கிராம சபையில் தமிழில் வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று. ஊரிலே அளந்ததை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதே முறை.

ஐந்தாவதாக, உங்கள் ஊர்ப் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், இப்படிப்புக்கு அனுப்பத் தயங்காதீர்கள். வானிலைத் துறையிலும், ஆராய்ச்சி நிலையங்களிலும், பயிர்க் காப்பீட்டிலும், பேரிடர் மேலாண்மையிலும் இவர்களுக்கு வேலை உண்டு. அதனினும் மேலாக, கடைமடையில் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் வராத நாளின் பயம் தெரியும். அது தெரியாதவர் எழுதும் பரிகாரம் நெடுநாள் நிலைக்காது.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பட்டம் வாங்கினால் மேகம் திரும்பி வராது, உண்மை. ஆனால் வந்த மழையை அளக்கவும், வரப்போகும் மழைக்கு ஆயத்தமாகவும், உள்ள தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளவும் அப்படிப்பு வழி காட்டுகிறது. வழியைக் காட்டுவது படிப்பு. அதில் நடப்பது ஊரின் பொறுப்பு.

மாணவி தம் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு கோயம்புத்தூர் சென்றுவிட்டார். அவர் பதித்த குழாய்களில் மூன்றை அறுவடையின்போது பிடுங்கிவிட்டார்கள். கடைமடையில் உள்ள நான்காவது குழாயை மட்டும் பெரியவர் எடுக்க விடவில்லை. சென்ற முறை நாம் அவ்வழியே சென்றபோது, அவர் குனிந்து அதனுள் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நான்கு விரல் இருக்கிறது. சனிக்கிழமை நம் முறை, அதுவரை தாங்கும்" என்றார்.

அவர் சொன்ன அந்த நம்பிக்கை ஒவ்வொரு கடைமடைக்கும் கிட்டுமாறு செய்வோமாக.